எதிர்க் கடை

(அயலார் தலையீடும் கேலிச்சித்திரங்களும் என்ற பொருளில் தூத்துக்குடியில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1861ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் தேதி, லண்டனில் வெளிவந்த 'பஞ்ச்' வார இதழில் ஒரு முழுப்பக்கக் கேலிச்சித்திரம் வந்தது. வரைந்தவர் ஜான் டென்னியல். நான்கு ஆண்டு கழித்து 'ஆலிஸ் இன் வொண்டர்லேண்ட்' கதைக்குப் படம் போட்டு உலகப் புகழ் அடைந்தாரே, அவரேதான். அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் ஒரே கடையின் இரண்டு பங்காளிகளாக நின்று ஒருவரோடு ஒருவர் மல்லுக்கு நிற்கிறார்கள். வாடிக்கையாளர் ஜான் புல். இங்கிலாந்து தேசத்தையே ஒரு தொந்திக்கார வியாபாரியாக உருவகித்து வைத்த பெயர் அது. உங்களுக்கு வியாபாரத்தைவிடச் சண்டைதான் பெரிது என்றால் நான் எதிர்க் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு அவர் கிளம்புகிறார். எதிர்ச்சாரியில் இருப்பது பருத்திக் கடை. கடைக்காரர் இந்தியர்.

இன்றைக்கு நான் பேசப்போவது அந்த எதிர்க் கடையைப் பற்றி. ஏனென்றால் அந்தக் கடையின் ஒரு கதவு இந்த ஊரில் திறந்திருந்தது. லிவர்பூல் பருத்திச் சந்தையின் விலைப்பட்டியலில் சூரத், தார்வார் என்ற பெயர்களுக்குப் பக்கத்தில் 'டின்னவெலி' என்று ஒரு ரகம் தனியாக இருந்தது. கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் கரிசல் காட்டில் விளைந்து, மாட்டு வண்டியில் தூத்துக்குடிக்கு வந்து, பொதியாகக் கட்டிக் கப்பலேறிய பருத்தி அது.

அமெரிக்கப் போரின் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1861 ஏப்ரல் 12இல் சம்டர் கோட்டையில் போர் வெடித்தது. அடிமை முறையைக் கைவிட மறுத்த தென் மாநிலங்கள் தனி நாடாகப் பிரிந்து நின்றன. ஒரே வாரத்தில் லிங்கன் தென் துறைமுகங்களை முற்றுகையிட உத்தரவிட்டார். பிரிட்டன் ஆலைகள் நூற்ற பஞ்சில் ஐந்தில் நான்கு பங்கு வரை அந்தத் துறைமுகங்கள் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. தென்னவர்களின் கணக்கே அதில்தான் இருந்தது. பருத்தியே ராஜா, அதற்கு எதிராக எவனும் போர் தொடுக்கத் துணியமாட்டான் என்று தென் கரோலினாவின் ஹாமண்ட் 1858இலேயே செனட்டில் முழங்கியிருந்தார். போர் தொடங்கியதும் தாங்களாகவே பருத்தியை அனுப்பாமல் நிறுத்தி வைத்தார்கள். பஞ்சாலைகள் நிறைந்த லங்காஷயரில் அடுப்பு அணைந்தால் லண்டன் தானாகத் தன் கடற்படையை அனுப்பும் என்று நம்பினார்கள். பிரிட்டன் மே 13இல் நடுநிலை அறிவித்தது. அதற்கடுத்த நான்கு ஆண்டும் அந்த நடுநிலைக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்பதை அமைச்சரவைக் குறிப்புகளைவிடப் 'பஞ்ச்' படங்கள் நமக்குப் பச்சையாகக் காட்டுகின்றன.

'பஞ்ச்' இதழில் அந்தப் பெரிய படம் எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. வாரந்தோறும் புதன்கிழமை இரவு ஆசிரியர் குழு விருந்துக்குக் கூடும். அந்த வாரம் எதை வரைவது என்பது அந்த மேசையில் எல்லோரும் பேசி முடிவாகும். டென்னியல் வீட்டுக்குப் போய் மாடல் யாரையும் வைத்துக்கொள்ளாமல் நினைவிலிருந்து வரைவார். ஜோசப் ஸ்வெயின் பட்டறையில் அது மரக்கட்டையில் செதுக்கப்படும். ஆக, அது தனி ஒரு கலைஞனின் கோபம் அல்ல. லண்டன் நடுத்தர வர்க்கத்துக் கனவான்கள் சாப்பாட்டு மேசையில் ஒத்துக்கொண்ட கருத்து. அமெரிக்கப் போர் பற்றிய படங்களை அந்த நினைவோடு பார்க்க வேண்டும்.

எதிர்க் கடைப் படத்துக்கு இரண்டு வாரம் முன்னால், நவம்பர் 2இல் வந்த படத்தில் பருத்தி ராஜா பாறையில் கட்டுண்டு கிடக்கிறார். உடம்பு பருத்திப் பொதி, தலையில் கிரீடம். பிணைத்திருக்கும் சங்கிலி கடல் முற்றுகை. அமெரிக்கக் கழுகு அவர் குடலைக் கொத்துகிறது. நெருப்பை மனிதருக்குத் தந்ததற்காக ஜீயஸ் கடவுளால் பாறையில் பிணைக்கப்பட்டுத் தினம் தினம் கழுகுக்கு இரையான புரொமீதியஸ் என்ற கிரேக்கப் புராணத் தியாகியின் கோலம் அது. கவனியுங்கள். அடிமைகள் உழைத்துத் தந்த ஒரு சரக்குக்குத் தியாகியின் இடம். அந்தச் செடியில் பஞ்செடுத்த கைகள் படத்தில் எங்கும் இல்லை.

அதே நவம்பரில் 'டிரென்ட்' விவகாரம் வெடித்தது. ஐரோப்பாவுக்குத் தூது போய்க்கொண்டிருந்த மேசன், ஸ்லைடல் என்ற இரண்டு தென்னவர்களை, வடக்கின் போர்க்கப்பல் ஒன்று பிரிட்டிஷ் தபால் கப்பலை மறித்து இறக்கிக் கொண்டுபோய்விட்டது. டிசம்பர் 7ஆம் தேதி 'பஞ்ச்' படத்தில் ஜான் புல் மாலுமி உடையில் நிற்கிறார். எதிரே சின்னப் பையன் அளவுக்கு அமெரிக்கா. ஒழுங்காக நடக்காவிட்டால் கடலோடு தகர்த்துவிடுவேன் என்று மிரட்டல். லிங்கன் அரசு அந்த இருவரையும் விடுவித்த பிறகு, 1862 ஜனவரி 11இல் லிங்கனை மரத்தில் தொற்றிக்கொண்ட ரக்கூனாக வரைந்தார்கள். கீழே ஜான் புல் துப்பாக்கியோடு. ஒரு நாட்டின் தலைவர் வேட்டைக்கு அகப்பட்ட பிராணி ஆகிவிட்டார்.

ஆனால் என்னை மிகவும் உறுத்துகிற படம் 1862 அக்டோபர் 18இல் வந்தது. அதற்கு முந்தைய மாதம் 22ஆம் தேதி லிங்கன் அடிமை விடுதலைக்கான முன்னறிவிப்பை வெளியிட்டிருந்தார். 'பஞ்ச்' அதை ஒரு சூதாட்டக்காரனின் கடைசிச் சீட்டாக வரைந்தது. தலைமயிர் கொம்புபோல் குத்திட்டு நிற்கிற லிங்கன், ஸ்பேட் ஏஸ் சீட்டை ஓங்கி அடிக்கிறார். அந்தச் சீட்டில் ஒரு கறுப்பின மனிதனின் முகம். ஆட்ட மேசையாக இருப்பது வெடிமருந்துப் பீப்பாய்.

இந்தப் படம் வந்த நேரத்தைப் பாருங்கள். அக்டோபர் 7ஆம் தேதி நிதியமைச்சர் கிளாட்ஸ்டன் நியூகாசில் நகரில் பேசும்போது, தென்னவர்கள் ஒரு தேசத்தையே உருவாக்கிவிட்டார்கள் என்று பாராட்டியிருந்தார். பிரதமர் பாமர்ஸ்டனும் வெளியுறவு அமைச்சர் ரஸ்ஸலும் மத்தியஸ்தம் என்ற பெயரில் உள்ளே புகலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. புகுந்திருந்தால் பிரிவினை நிலைத்திருக்கும், அடிமை முறையும் நிலைத்திருக்கும். அப்படிப் புகுவதற்கு இருந்த ஒரே தார்மீகத் தடை, வடக்கு அடிமைகளின் விடுதலைக்காகப் போராடுகிறது என்பதுதான். அந்தத் தடையை ஒரு படத்தால் உடைத்தார்கள். விடுதலையே தோற்கப்போகிறவன் போடும் மோசடிச் சீட்டு என்று சொல்லிவிட்டால், பிறகு தலையிடுவதில் கூச்சம் எதற்கு? கேலிச்சித்திரத்தின் ஆபத்து இதுதான். கட்டுரை எழுதினால் மறுகட்டுரை எழுதலாம். சிரித்துவிட்ட வாசகனிடம் என்ன வாதாடுவது? நல்லவேளையாக நவம்பரில் அமைச்சரவை பின்வாங்கியது. பிரான்ஸ் கொண்டுவந்த கூட்டு மத்தியஸ்த யோசனையும் தள்ளுபடியாயிற்று.

அமெரிக்க வடபுலத்திலும் பதிலடிப் படங்கள் வந்தன. போர்க்காலத் தனித்தாள் படம் ஒன்றில் ஜான் புல் ஒரு கையில் பருத்தியையும் மறு கையில் ஓர் அடிமையின் சுருண்ட முடியையும் தொட்டுப் பார்த்து, எனக்குப் பருத்திதான் பயன்படும் என்று கண்டுபிடிக்கிறார். குறி தப்பாத அடிதான். ஆனாலும் அங்கேயும் அந்த அடிமை ஒரு தலைமுடியாகத்தான் நிற்கிறார், வாய் திறந்து பேசவில்லை.

இந்தப் போரின் விலையைக் கொடுத்தவர்களில் லங்காஷயர் தொழிலாளிகளும் உண்டு. 1862 இறுதியில் அங்கே ஏறத்தாழ 5 லட்சம் பேர் நிவாரணக் கஞ்சியை நம்பிக் கிடந்தார்கள். முற்றுகையை உடைக்கத் தங்கள் அரசு கப்பல் அனுப்ப வேண்டும் என்று கேட்டவர்களும் அவர்களில் இருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 1862 டிசம்பர் 31 இரவு மான்செஸ்டர் ஃப்ரீ டிரேட் ஹாலில் கூடிய தொழிலாளிகள், அடிமை விடுதலையை ஆதரித்து லிங்கனுக்குக் கடிதம் எழுதினார்கள். அடுத்த ஜனவரி 19இல் லிங்கன் நெகிழ்ந்து பதில் எழுதினார். தறி நின்று, பிள்ளைகள் பட்டினி கிடக்கும்போது, முகம் தெரியாத அடிமைகளுக்காக எழுதிய கடிதம் அது. 'பஞ்ச்' விருந்து மேசையில் அமர்ந்திருந்தவர்களைவிட அரசியல் தெளிவு அந்த நெசவாளிகளுக்கு இருந்தது என்று நான் துணிந்து சொல்வேன்.

இனி நம் கரைக்கு வருவோம். படத்து எதிர்க் கடைக்காரர் யார்? நான்கே ஆண்டு முன்னால், 1857 ஆகஸ்ட் 22இல், இதே டென்னியல் இந்தியாவை வேறு மாதிரி வரைந்திருந்தார். வெள்ளைக்காரப் பெண்ணையும் குழந்தையையும் கீழே வீழ்த்திய வங்கப் புலி இந்தியா, அதன்மேல் பாய்கிற பிரிட்டிஷ் சிங்கம். அந்தப் படம் இங்கிலாந்தில் பழிவாங்கும் வெறியைக் கிளப்பியது. 1857இல் கொல்ல வேண்டிய புலி, 1861இல் பஞ்சு விற்கும் கடைக்காரர். மக்கள் அதே மக்கள். லண்டனின் தேவை மாறியதும் நம் உருவமும் மாறிவிட்டது. அயல்நாட்டுப் போரைப் பற்றிய கேலிச்சித்திரத்தைப் பார்க்கும்போதெல்லாம், இதில் வரைகிறவனுடைய தேவை எது என்ற கேள்வியைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

கடைக்காரர் என்று வரைந்தார்களே, கடைக்காரருக்கு விலை சொல்லும் உரிமை உண்டு. கரிசல் காட்டு விவசாயிக்கு அது இருந்ததா? பருத்தி பூ விடும் முன்பே தரகரிடமோ வட்டிக்காரரிடமோ முன்பணம் வாங்கியாயிற்று. விலையை லிவர்பூல் நிர்ணயித்தது. இந்த ஊருக்கு ரயில் வந்தது 1876இல்தான். அதற்கு முன்னால் கரிசல் மண்ணில் மழை பெய்தால் வண்டிச் சக்கரம் அச்சு வரை புதையும். வண்டி தூத்துக்குடி வந்து சேர்ந்தாலும் பெரிய கப்பல் கரைக்கு வராது. கடல் ஆழமில்லாததால் கப்பல்கள் மைல் கணக்கில் தள்ளி நங்கூரமிட்டு நிற்கும். பொதிகளைத் தோணியில் ஏற்றி, காற்றும் அலையும் இடம் கொடுத்த நாளில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். சூயஸ் கால்வாய் திறந்தது 1869இல். ஆகவே போர்க்காலத்தில் தூத்துக்குடியிலிருந்து ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைச் சுற்றித்தான் லிவர்பூல் போயாக வேண்டும். ஜான் புல் தெருவைத் தாண்டி எதிர்க் கடைக்குப் போகிறாராம்! நம் தோணிக்காரர்கள் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் அந்தத் தெருவின் அகலத்தை அவருக்குச் சொல்லியிருப்பார்கள்.

போர்க்காலத்தில் லிவர்பூலில் பருத்தி விலை நான்கு மடங்கு வரை ஏறியது. நம் பக்கத்திலும் பணம் புழங்கியது. தானியம் விளைந்த நிலத்தில் பருத்தி ஏறியது, தூத்துக்குடி பெரிய பஞ்சுத் துறைமுகமாக வளர்ந்தது. இன்னொரு பக்கம், வந்த சரக்கை லங்காஷயர் நெசவாளி திட்டித் தீர்த்தான். இழை குட்டை, தூசி அதிகம், தறியில் நூல் அறுந்துகொண்டே இருந்தது. 'சூரத்' என்பது அங்கே மட்டமான எதற்கும் வசவுச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1865இல் போர் முடிந்ததும் விலை சரிந்தது. பம்பாயில் பிரேம்சந்த் ராய்சந்த் போன்ற பெரும் புள்ளிகள் விழுந்தார்கள், வங்கிகள் மூழ்கின. பம்பாயின் வீழ்ச்சியை எழுத ஆட்கள் இருந்தார்கள். இங்கே கடனுக்குப் பருத்தி போட்ட ஒரு சம்சாரி விலை சரிந்த வருஷத்தில் என்ன பாடு பட்டிருப்பார் என்பதை எந்தப் 'பஞ்ச்' படமும் வரையவில்லை. பதினோரு ஆண்டு கழித்துத் தாது வருஷப் பஞ்சம் வந்தபோது, சாப்பிட முடியாத பயிரை நம்பிய மண் எவ்வளவு பலவீனமாக இருக்கும் என்பது தெரிந்தது.

அந்தப் போர் கப்பலேறியும் நம் பக்கம் வந்தது. லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பிர்க்கன்ஹெட்டில், லெய்ர்ட் கப்பல் கட்டும் தளத்தில் தென்னவர்களுக்காகக் கட்டிய 'அலபாமா', 1862 ஜூலையில் நடுநிலை நாட்டின் கண்ணெதிரே கடலில் இறங்கியது. வடக்கின் வணிகக் கப்பல்களைத் தேடித் தேடி எரித்தது. 1864 ஜனவரியில் மலபார் கடற்கரைக்கு அப்பால் 'எம்மா ஜேன்' என்ற அமெரிக்கக் கப்பலை எரித்துவிட்டு, அதிலிருந்தவர்களை அஞ்சுதெங்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனது. குமரிமுனையைச் சுற்றினால் அஞ்சுதெங்கு நமக்கு எவ்வளவு பக்கம் என்று இங்கிருக்கும் கடலோடிகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நடுநிலைக்குப் பிரிட்டன் பின்னால் விலை கொடுத்தது. 1872இல் ஜெனீவா நடுவர் மன்றம் 1 கோடியே 55 லட்சம் டாலர் நஷ்டஈடு கட்டச் சொன்னது.

லிங்கன் சுடப்பட்ட செய்தி லண்டனுக்கு வந்ததும் 'பஞ்ச்' வெட்கப்பட்டது. 1865 மே 6ஆம் தேதி இதழில், பிரிட்டனின் பெண் உருவகமான பிரிட்டானியா அவர் உடலுக்கு மலர்வளையம் வைக்கும் படம். கூடவே டாம் டெய்லர் எழுதிய மன்னிப்புக் கவிதை. லிங்கன் கொலையான இரவு மேடையில் ஓடிக்கொண்டிருந்த 'அவர் அமெரிக்கன் கசின்' நாடகத்தை எழுதியவர் இந்த டெய்லர்தான். மன்னிப்புக் கேட்ட நேர்மையை நான் மதிக்கிறேன். ஆனால் படத்தின் கீழ்ப்பகுதியைப் பாருங்கள். அங்கே உடைந்த விலங்கோடு விடுதலையான அடிமை ஒருவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். நான்கு ஆண்டு சீட்டாகவும் கேலிப்பொருளாகவும் வந்தவருக்குக் கடைசியில் மனித உருவம் கிடைத்தது. கிடைத்த இடமோ காலடி.

அயலார் தலையீட்டுக்கு இந்த முத்துக் கரை புதிதும் இல்லை. 1530களில் முத்துக்குளிப்பைச் சுற்றி எழுந்த சச்சரவில் கொச்சியிலிருந்த போர்த்துக்கீசியரிடம் உதவி கேட்கப்பட்டது. உதவ வந்தவர்கள் 1658 வரை போகவில்லை. அவர்களை விரட்டிய டச்சுக்காரர்கள் தங்கினார்கள், பிறகு ஆங்கிலேயர் 1825இல் நிலையாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று கொடிகளின் கண்ணும் சிப்பிப் பார்களின்மேல்தான் இருந்தது. அமெரிக்கப் போர் தொடங்கிய அந்த ஆண்டுகளிலும் இங்கே முத்துக்குளிப்பு நடந்தது, சர்க்கார் கஜானாவுக்கு லட்சக்கணக்கில் போனது. குளித்தவனின் கதை யாரிடமும் இல்லை.

வரையப்பட்டவர்கள் வரையத் தொடங்கியது எப்போது? தமிழில் அதற்குத் தெளிவான பதில் உண்டு. இங்கிருந்து ஒரு மணி நேரத் தொலைவிலுள்ள எட்டயபுரத்தில், அந்தப் பருத்திக் கரிசலின் நடுவில் 1882இல் பிறந்த சுப்பிரமணிய பாரதி, 1906இல் தொடங்கிய 'இந்தியா' வார இதழில் அரசியல் கருத்துப்படங்களை வெளியிட்டார். தமிழ் இதழ்களில் அதற்கு முன்னோடி அவரே. படத்தைப் போட்டதோடு விடாமல் பக்கத்திலேயே விளக்கமும் எழுதினார். படம் பார்த்துப் பழகாத வாசகனுக்குப் பார்க்கக் கற்றுக்கொடுத்த பொறுப்பு அது. அதே 1906 அக்டோபரில் இந்த ஊரில் வ.உ.சி. சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைப் பதிவு செய்தார். அடுத்த ஆண்டு 'காலியா', 'லாவோ' கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஓடின. பாரதியின் 'இந்தியா' அந்தக் கம்பெனியின் பக்கம் நின்றது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானார், ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை. 'இந்தியா' புதுச்சேரிக்குப் போக நேர்ந்தது, 1910இல் நின்றும் போனது. அந்தக் கருத்துப்படங்களை ஆ.இரா. வேங்கடாசலபதி தேடித் திரட்டி 1994இல் நூலாக்கினார். இந்த ஊர் மாணவர்கள் 'பஞ்ச்' படங்களையும் அந்த நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எதிர்க் கடைக்காரர் நாற்பத்தைந்து ஆண்டுகளில் எழுந்து நின்று தானே பேனாவை எடுத்துக்கொண்டதை அங்கே காணலாம்.

அயலார் தலையிட்ட இன்னொரு போரான ஸ்பெயின் உள்நாட்டுப் போரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1936 முதல் 1939 வரை ஹிட்லரும் முசோலினியும் அங்கே விமானமும் படையும் அனுப்பிக்கொண்டிருந்தபோது, லண்டனில் தலையிடாமைக் குழு என்று ஒன்று கூடிக் கூடிக் கலைந்தது. லண்டன் கேலிச்சித்திரக்காரர் டேவிட் லோ அந்தப் பொய்யைத் தன் படங்களில் விடாமல் அம்பலப்படுத்தினார். ஜெர்மனி கோபப்பட்டது. 1937இல் பிரிட்டிஷ் அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பெர்லின் போய் வந்த பிறகு, கொஞ்சம் அடக்கி வரையுங்கள் என்று லண்டனிலேயே அவரிடம் சொன்னார்கள். டென்னியல் தன் நாட்டுக் கனவான்களோடு சேர்ந்து வரைந்தார், லோ லண்டன் அரசுக்கே சங்கடம் தரும்படி வரைந்தார். எனக்கு லோ பெரிய கலைஞர்.

நமக்கு மிக அருகில் நடந்த போருக்கு வருகிறேன். தூத்துக்குடியில் நின்று இலங்கையைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிப்பது நேர்மையாகாது. கொழும்போடு நமக்குத் தோணி உறவும் உண்டு, ரத்த உறவும் உண்டு. 1987 ஜூன் 4இல் இந்திய விமானங்கள் யாழ்ப்பாணத்தின்மேல் உணவுப் பொருள்களைப் போட்டன. ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனவும் ஒப்பந்தம் செய்தார்கள். அதன்படி அங்கே போன இந்திய அமைதிப்படை அக்டோபரிலேயே போரில் இறங்கியது. 1990 மார்ச்சில் திரும்பும்போது ஆயிரத்துக்கு மேற்பட்ட நம் சிப்பாய்கள் திரும்பவில்லை, தமிழ்க் குடிமக்கள் பலரும் செத்திருந்தார்கள். தென்னிலங்கையில் அந்த விமானப் பொதிகள் 'பருப்பு' என்ற ஒரே சொல்லில் கேலியாகிவிட்டன. இன்றும் அங்கே அந்தச் சொல்லை எடுத்தால் அர்த்தம் புரியும்.

இந்த முறை எதிர்ச்சாரியில் நின்று தலையிடுகிறவர்களாக வரையப்பட்டவர்கள் நாம். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். போர் முடிந்தும் அது தொடர்ந்தது. 2012 செப்டம்பரில் கொழும்பின் 'லக்பிம' இதழ், முதலமைச்சர் ஜெயலலிதாவையும் பிரதமர் மன்மோகன் சிங்கையும் வைத்து ஆபாசமான ஒரு படம் போட்டது. 2014 ஆகஸ்டில் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சகத்தின் இணையதளமே ஜெயலலிதா பிரதமர் மோடிக்கு எழுதிய கடிதங்களைக் கொச்சைப்படுத்திப் படம் வெளியிட்டது, பிறகு இலங்கை அரசு வருத்தம் தெரிவித்தது. தமிழ்நாட்டின் நிலைப்பாட்டை விமர்சிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு. மீனவர் பிரச்சினையைப் பற்றிக் கேள்வி கேட்கலாம், அகதிகளைப் பற்றிக் கேட்கலாம். ஒரு பெண் தலைவரின் அரசியலுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் அவர் பெண்ணாக இருப்பதைக் கேலி செய்வது கேலிச்சித்திரமே ஆகாது. அது வசவு.

நம் பக்கமும் பார்த்துக்கொள்வோம். அந்தப் போரின் இருபத்தாறு ஆண்டுகளில் தமிழ்நாட்டு இதழ்கள் வரைந்ததில் மிகுதியும் தலைவர்களின் முகங்கள். ஜெயவர்த்தன, ராஜீவ், பிரபாகரன், ராஜபக்ச, நம் கட்சித் தலைவர்கள். யார் யாருக்குத் துரோகம் செய்தார் என்பதே கரு. 2009இல் போரின் கடைசி மாதங்களில் வன்னியில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. பதுங்குகுழியில் பிள்ளையை அணைத்துக் கிடந்த தாய்க்கு நம் படங்களில் எத்தனை இடம் கொடுத்தோம்? 'பஞ்ச்' பருத்தி பறித்த கையை விட்டதைக் கண்டிக்கிறவன் இதையும் கேட்கத்தான் வேண்டும்.

உண்மையான விலை கொடுத்தவர்கள் இலங்கைக்குள் இருந்தே தங்கள் அரசை வரைந்தவர்கள். 'அத்த' பத்திரிகையின் ஓவியர் ஜிஃப்ரி யூனுஸ், பிரேமதாச ஆட்சியில் 1992இல் தாக்கப்பட்டார். கேலிச்சித்திரக்காரரும் பத்திரிகையாளருமான பிரகீத் எக்நெலிகொட, 2010 ஜனவரி 24ஆம் தேதி, ஜனாதிபதித் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்னால், வேலை முடிந்து வீட்டுக்குக் கிளம்பியவர் வந்து சேரவே இல்லை. அவர் சிங்களர். போர் நடத்தப்பட்ட விதத்தைக் கேள்வி கேட்டவர். மனைவி சந்தியா நீதிமன்றம் நீதிமன்றமாக, நாடு நாடாக அலைந்து நியாயம் கேட்டுக்கொண்டிருக்கிறார். அயலார் தலையீடு என்ற சொல்லை ஓர் அரசு தன் சொந்தக் குடிமகனின் வாயை அடைக்கவும் பயன்படுத்தும். எக்நெலிகொட போன்றவர்களை அந்நியரின் கைக்கூலி என்று முத்திரை குத்துவது உலகம் முழுதும் நடக்கிற வழக்கம். அப்படி முத்திரை குத்தப்பட்டவர்கள் பக்கம் நிற்கிற மனம் நமக்கு வேண்டும், அவர் எந்த மொழிக்காரராக இருந்தாலும்.

இளைஞர்களே, இந்த ஊரின் துறைமுகத்துக்கு இப்போது வ.உ.சி. பெயர். உலகத்தில் எங்கே போர் நடந்தாலும் அதன் அதிர்வு சரக்குக் கட்டணமாகவும் தாமதமாகும் கப்பலாகவும் இங்கே வந்து சேர்கிறது. அந்தப் போர்களைப் பற்றி உங்கள் கைப்பேசிக்கு வரும் கேலிச்சித்திரங்களைச் சிரித்துவிட்டு அடுத்தவருக்குத் தள்ளிவிடாதீர்கள். யார் வரைந்தார், எந்த ஊர் இதழில், எந்தத் தேதியில் என்று தேடுங்கள். படத்தில் யார் இல்லை என்று பாருங்கள்.

பெரியவர்களிடம் ஒரு வேண்டுகோள். தூத்துக்குடியிலும் கோவில்பட்டியிலும் விருதுநகரிலும் பழைய பஞ்சு வியாபாரக் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. தோணி வைத்திருந்த குடும்பங்களும் இருக்கின்றன. பரணிலோ இரும்புப் பெட்டியிலோ பழைய பேரேடு, கடன் பத்திரம், கப்பல் ரசீது, கம்பெனிக் கடிதம் எது கிடந்தாலும் பழைய பேப்பர்க் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். இந்த ஊர்க் கல்லூரிகளின் வரலாற்றுத் துறை ஆசிரியர்களைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். ஒளிப்படம் எடுத்துக்கொள்ளட்டும், மூலம் உங்களிடமே இருக்கட்டும். 1861க்கும் 1865க்கும் இடைப்பட்ட தேதி எதிலாவது இருந்தால், தயவுசெய்து நாளைக்கே கூப்பிடுங்கள்.